அடியில் கிடந்த இருபது காசு

இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்குமுன்
முதலாளி திரவியம் உள்ளே ஒரு நடை போய் வருவார்.
விளக்கை அணைக்கத்தான் என்று
நாலு மாதம் நினைத்திருந்தேன்.

ஜெலுத்தோங்கில் எங்கள் கடை.
அரிசி, வாளி, கற்பூரம், கொசுவத்தி,
பின்சுவரோரம் மூடி ரப்பர் கிழிந்த
பழைய பிரீசர்.
கோழி சோசேஜ், நக்கெட், மீன் உருண்டை,
வட்ட வட்டமாய் பர்கர் கறி.
முகப்பில் சிவப்பு எழுத்தில்
கழித்தல் பதினெட்டு.
நான் வரும்போதும் பதினெட்டு, போகும்போதும் பதினெட்டு.
அது அளக்கவில்லை,
ஒப்பிக்கிறது.

பாக்கெட்டுக்கு உள்ளேயே பனி பூத்திருக்கும்.
தனித்தனியாய் வந்த நக்கெட்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே பாறை.
மூலையில் இளஞ்சிவப்பாய் ஏதோ வடிந்து
மறுபடி இறுகியிருக்கும்.
தேதிக்கு மட்டும் ஒரு குறையுமில்லை.
மார்ச் வரை தாங்கும் என்று
அச்சு சத்தியம் செய்கிறது.
அச்சுக்குத் தெரியுமா
எங்கள் கடை கரண்டு பில்?

என் மகனுக்கு சோசேஜ்
நான் வேறு கடையில்தான் வாங்குகிறேன்.
சொல்லிவிட்டேன்.

பிளாட்டுக்குக் கீழே பர்கர் போடும் ரோஸ்லான்
சாயங்காலம் ஆறுக்கு வருவார்.
இரண்டு பாக்கெட்டை எடுத்து
ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்.
டக் டக்.
செங்கல் மாதிரி இருக்கு, நல்ல சரக்கு என்பார்.
ஒருநாள் தட்டிக்கொண்டே சொன்னார்:
டியூஷன் பிள்ளைகள் மூன்று பேருக்கு வாந்தியாம்,
என் சோஸ்தான் கெட்டுப்போயிருக்கும்,
ஒரு வாளி கலக்கியதை
அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டேன்.
நான் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
சரியாக எண்ணினேன்.

மறுநாள்
ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் உறையவைத்து
சாயங்காலம் அதன் தலையில்
மஞ்சள் இருபது காசை வைத்தேன்.
நக்கெட்டுக்கு நடுவே ஒளித்தேன்.

காலையில் பனி வழவழவென்று இருந்தது,
யாரும் தொடாத மாதிரி.
காசு அடியில் கிடந்தது.

டம்ளரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பதினொரு மணிக்கு முதலாளி பார்த்தார்.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.
உருகியதும் இரண்டு விரல் விட்டுக்
காசை எடுத்துத்
துடைத்துக்
கல்லாவில் போட்டார்.
அன்றைய கணக்கில் இருபது காசு கூடுதல்.

ஆறு மணி. ரோஸ்லான்.
கைக்கு ஒன்றாய் பாக்கெட்டைத் தூக்கினார்.
அவர் தட்டுவதற்குள்
எனக்கு வந்த அரைகுறை மலாயில் சொன்னேன்:
அபாங்,
உங்க சோஸ்மேல ஒரு தப்பும் இல்ல.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.
கல்லாவுக்குப் பின்னால்
நாற்காலி நகரும் சத்தம்.