நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை,
டயர்க் கிடங்கின் மாடி.
பதிவென்றால் ஏசியை அணைத்தாக வேண்டும்;
அதன் முனகல் எப்போதும்
ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே.

ஆகஸ்ட்.
ஏழு நிமிடத்துக்கு மேல் உடம்பு தாங்காது.
அதனால்தான் அந்த ஆல்பத்தில்
எந்தப் பாட்டும் ஏழைத் தாண்டவில்லை.
சிக்கனம் என்று எழுதினார்கள், பாவம்.

கொரைரா பகலில் லிஃப்ட் மெக்கானிக்.
கிரீஸ் போகாத நகத்தோடு
டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால்
கீழே அடுக்கிய டயர்கள் வரை ராக் இறங்கும்.
கோங்காவில் யோஸ்வானி, ஹவானாக்காரன்:
மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு.
அவன் மொழியில் அதற்குச் சாவி என்று பெயராம்.
கொரைரா அதைத் தொலைப்பான்,
ஜாஸில் எங்கெங்கோ சுற்றுவான்,
வேறொரு வாசல் வழியாக வந்து நிற்பான்
சாவியோடு.

மூன்றாவது பாட்டு.
வியர்வையில் விரல் வழுக்கி
சுரமொன்று இரண்டு மெட்டுகளுக்கு நடுவே விழுந்தது.
யோஸ்வானி சிரித்துவிட்டான்,
கை மட்டும் நிற்கவில்லை.

"வெட்டிடவா?" என்றேன்.
கொரைரா எழுந்துபோய் ஏசியைப் போட்டான்.
அதுதான் பதில்.

ஆல்பம் வந்தபோது
யோஸ்வானிக்கு விசா முடிந்திருந்தது.
அட்டையில் அவன் பெயரில் ஓர் எழுத்து இல்லை;
அந்தத் தப்பு என்னுடையது.

நேற்று முவைலா சிக்னலில்
பக்கத்துக் காரில் அதே பாட்டு.
என் கண்ணாடியை இறக்கினேன்.
அனல். கோங்கா. கம்பி வழுக்குகிறது,
இதோ இப்போது, இதோ

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹார்னை எடுக்கவே இல்லை.