துளையிட்டுப் பார்த்தல்

கடல் உறைந்தால்
ஹீயுமா தீவிலிருந்து கரை வரைக்கும்
ஒரு சாலை முளைக்கும்.
அதைத் திறப்பதா மூடுவதா என்று
விடிவதற்குள் சொல்ல வேண்டியவள் நான்.
விர்வெ. வயது ஐம்பத்தொன்று.
இடுப்பில் கயிறு, தோளில் துளைக்கருவி,
சென்டிமீட்டர் குறித்த கோல்,
அதன் முனையில் ஒரு கொக்கி.

இருபத்திரண்டுக்குக் கீழே என்றால்
தடுப்பை இறக்கிவிடுவேன்.
கெஞ்சுவார்கள். "நேற்றுகூடப் போனேனே?"
நேற்று போனது நேற்றைய பனிமேல்.

வேலையில் இப்படி. வீட்டில் நான் வேறு ஆள்.

தார்த்துவில் படிக்கும் ரைகோ
இரண்டு நாள் போன் எடுக்காவிட்டால்
மூன்றாம் நாள் அலமாரியில்
கறுப்பு உடை தேடுவேன்.
"நாளை வந்து பாருங்கள்" என்று
மேலாளர் மூன்று சொல் அனுப்பினால் போதும்,
படுக்கப் போவதற்குள் வேலை போய், வீடு போய்,
படகுத்துறையில் பெட்டியோடு நிற்பேன்.
அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்துகொண்டிருக்கும்.

ஹாப்சலுவில் எனேலி என்றொருத்தி
மூன்று கட்டம் போட்ட தாள் தந்தாள்.
நடந்தது என்ன. மனம் சொன்னது என்ன.
அதற்கு ஆதாரம் என்ன.
கவலைக்குக் கணக்கு நோட்டா என்று
மடித்துக் காரில் போட்டேன்.
மூன்றாம் கட்டம் ஐந்து வாரம் வெள்ளையாகக் கிடந்தது.

பிறகு, பதினான்காம் கிலோமீட்டர் கம்பத்தருகே
பனி உறுமியது.
காலடியில் தொடங்கி அடிவானம் வரை ஓடிய
துப்பாக்கிச் சத்தம்.
தார்வோ என் வயதுக்காரன், பழைய மீனவன்,
அவனே ஒரு துள்ளு துள்ளினான்.
நான் திரும்பக்கூட இல்லை.
"கத்தட்டும். எவ்வளவு, அளந்து சொல்."
அவன் துளைத்தான், கோலை இறக்கினான், கொக்கியை மாட்டினான்.
"முப்பத்தொன்று."

கயிற்றைப் பிடித்தபடி நின்ற எனக்கு
முகம் சுட்டது, மைனஸ் பதினாறில்.
இத்தனை வருடம்
என் தலைக்குள் எழுந்த ஒரு சத்தத்தையாவது
நான் அளந்ததுண்டா?
சத்தம் வந்தது, உடனே மூழ்கினேன்,
அவ்வளவுதான்.

இந்தச் சாலையில் யாரும் பெல்ட் போடக்கூடாது.
பனி உடைந்தால் வெளியே பாய வேண்டும்.
அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு
கவலையை மட்டும் மார்பின் குறுக்கே
இறுக்கிக் கட்டியிருந்தேன்,
அதுதான் காப்பாற்றுகிறது என்று.

அன்றிரவு ரைகோ எடுக்கவில்லை.
செத்துவிட்டான் என்றது மனம்.
காரிலிருந்து தாளைக் கொண்டுவந்து
பென்சிலைக் கூராக்கினேன்.
நவம்பரில் போன் சவுனா வாளிக்குள் விழுந்தது.
ஜனவரியில் யாரோ ஒரு பெண்.
அதற்கு முன் பரீட்சை, தூக்கம், கோபம், மறதி.
எண்ணிப் பார்த்தேன்:
பதினான்கு முறை என் மகனைக் கொன்றிருக்கிறேன்.
பதினான்கு முறையும் பசியோடு வந்து நின்றான்.

நெஞ்சு அடங்கிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் அலமாரியைத் திறக்கவில்லை.
புகைமீனைக் கருப்பு ரொட்டியில் வைத்துத் தின்றேன்,
மூன்று மணி நேரம் தூங்கினேன்.
உங்களுக்கு அது கொஞ்சமாகத் தெரியலாம்.

எல்லாச் சத்தமும் வெறும் சத்தமில்லை.
மேலாளரின் மூன்று சொல்லைத் துளைத்தபோது
கோல் பதினெட்டில் நின்றது.
உண்மையிலேயே மெலிசு.
கோடைக்கால வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள்.
அழுதேன். அழுதுவிட்டு
அந்த இடத்தில் மட்டும் தடுப்பை இறக்கினேன்.
புதுக் கார் வேண்டாம்.
கோடையில் படகுத்துறைச் சீட்டுக் கூண்டில் ஆள் கேட்கிறார்கள்.
மெலிந்த இடம் மெலிந்ததுதான்,
அதற்காகக் கடல் முழுவதையும்
மூடிவிட முடியாது.

ஐந்தாம் நாள் போன் அடித்தது.
"அம்மா, சார்ஜர் தொலைஞ்சுபோச்சு.
ஏன், தேடினியா?"

கொஞ்சம், என்றேன்.
வைத்தபின் மூன்றாம் கட்டத்தில்
எழுதினேன்: சார்ஜர்.
பக்கத்தில் சின்னதாக: பதினைந்து.