பொருள் எண் நான்கு

பாபநாசம் சோதனைச் சாவடியில்
வேனை நிறுத்தி
பிளாஸ்டிக் பாட்டில் பதினேழையும்
எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
வாராக்கடன் பட்டியலை யாரும் கேட்கவில்லை.
அது என் மடியில் இருந்தது
பச்சை நாடா கட்டி.

மண்டல ஆய்வுக் கூட்டம் இம்முறை மலையில் என்று
சுற்றறிக்கை வந்த அன்றே
செய்யது மீரான் குளிர்கண்ணாடி வாங்கிவிட்டார்.
ஜெபக்கனி மேடம்
மகளின் ஸ்வெட்டரைக் கடன் வாங்கியிருந்தார்
(எங்கள் தொழில் அப்படி).
மூன்றாவது வளைவில் ஒருவர் எலுமிச்சம்பழம் கேட்டார்,
ஐந்தாவதில் நாலு பேர்.

பிறகு
சொல்லாமல் கொள்ளாமல்
காரையாறு அணை.

அவ்வளவு தண்ணீரும்
ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது.
மலை அதில் தலைகுப்புற இறங்கி
எவ்வளவு ஆழமென்று பார்த்துக்கொண்டிருந்தது.
வேனுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.
"நூத்திப் பதினெட்டு அடி" என்றார் டிரைவர்,
தன் பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்வதுபோல.

பத்தரைக்குக் கூட்டம்.
விருந்தினர் மாளிகைச் சுவரில் முதல் படம்:
போன பிசானத்துக்குக் கொடுத்த கடன்.
இரண்டாவது படம் விழுமுன் கரண்ட் போயிற்று.
இந்தத் தண்ணீரை உருட்டித்தான்
கீழே ஊருக்கெல்லாம் விளக்கெரிக்கிறார்கள்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்.
அது நானில்லை என்று காட்ட
எல்லோரும் இருமினோம்.

"பொருள் எண் நான்கு, நீங்களே வாசிச்சிருங்கம்மா"
என்றார் மண்டல மேலாளர் கோமதிநாயகம்.
சன்னலோரம் போய் நின்று வாசித்தேன்.
கோடகன், நதியுண்ணி, கன்னடியன்,
பாளையங்கால்வாய்.
கால்வாய் கால்வாயாக ஆட்கள்.
பேச்சிராஜா, பதினெட்டாயிரத்து நானூறு.
வண்டிமலையான், இருபத்தோராயிரம்.
ஆவுடையம்மாள், ஒன்பதாயிரம், குறிப்பு: மறைவு.
கடைமடை நெருங்க நெருங்க
தொகை பெருத்துக்கொண்டே போயிற்று.
என் வலது தோளுக்குப் பக்கத்தில்
நூற்றுப் பதினெட்டு அடி.

நாற்பத்தாறாவது பெயரில்
சார் எழுந்து வெளியே போனார்.
படிக்கட்டில் ஷூவைக் கழற்றினார்.
உறைகளை அதற்குள் திணித்தார்.
பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி
காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார்.

மேலதிகாரியின் வெறுங்கால்
உணவு இடைவேளையா இல்லையா என்று
விதிமுறையில் இல்லை.
பதினாறு பேரும் மேலே நின்றோம்.

"இந்தத் தண்ணிக்கு வட்டி போட்டா
எவ்வளவு வரும்?"
முதுகைக் காட்டியபடியே கேட்டார்.
செய்யது மீரான் கண்ணாடியைக் கழற்றினார்.
ஜெபக்கனி மேடத்தின் உதடு
நிஜமாகவே கணக்குப் போட்டது.
எங்கோ ஒரு கருமந்தி உறுமிற்று,
அணையின் அந்தப் பக்கம் அது திரும்ப உறுமிற்று.

கொஞ்ச நேரம் கழித்து,
"அதை எழுதிராதீங்க" என்றார்.

எழுதவில்லை.
பொருள் எண் நான்கு
விரிவாக விவாதிக்கப்பட்டு
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
மதியம் எலுமிச்சைச் சாதம், அப்பளம்.
படகு ஓடாத துறையில் குரூப் போட்டோ.
அதில் சாருக்குப் பேண்ட் விளிம்பு மட்டும்
கறுத்திருக்கிறது.

இருட்டியபின் வீரவநல்லூரில் இறங்கினேன்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாயில்
இன்று எங்கள் தெருவுக்கு முறை.
மூன்று குடம் பிடித்தேன்.
நாலாவதுக்குக் காற்று வந்தது.
கை நிறைய அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனேன்,
மலை வாசம் இருக்குமென்று.

குளோரின்.