சாய்கோடு

பின்லாந்துக்காரர்களின் படிவத்தில்
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

என் கடப்பிதழில் இருப்பது
லோஷினி, ஓர் ஏ, ஒரு சாய்கோடு, ஒரு பி, சன்னாசி.
அப்படியே தட்டினேன்.
செல்லாத குறி என்றது திரை.
கிளினிக் அட்டைக்கும் எஸ்பிஎம் பரீட்சைக்கும்
இருபத்தொரு வருடம் கூடவே வந்த கோடு.
யாரும் அதை ஒருநாளும்
ஏன் சாய்ந்திருக்கிறாய் என்று கேட்டதில்லை.

பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன்.
அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடு,
விமானச் சீட்டிலும் அப்படியே,
கோட்டை விட்டுவிடு
என்று நான்காம் நாள் பதில் வந்தது.
தமிழில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டென்று
அந்த அம்மையாருக்கு யார் சொல்வது.

அடுத்தது இன்னொரு கோட்டு.
செகாமாட் பண்டல் கடையில் நாற்பது ரிங்கிட்.
உள்பையில் கொரிய எழுத்தில்
யாரோ குடித்த காப்பிக்கு ரசீது.
தாங்குமா இது? சோதித்துப் பார்க்க
லாபிஸில் குளிருக்கு எங்கே போவது?

ஆ கியோங் மீன்கடையின் பின்பக்கம், உறை அறை.
மைனஸ் பதினெட்டு.
'பத்து நிமிசம் நில்லு, கதவ நான் புடிச்சிக்கிறேன்'
என்றார், எஸ்டேட் எஸ்டேட்டாய்
கடன் வசூலித்துப் பழகிய தமிழில்.
கெம்போங் மீன் பெட்டிகளுக்கு நடுவே
மார்கழிப் பாவைபோல் நின்றேன்.
நெஞ்சு தாங்கியது.
முழங்கால் தாங்கவில்லை, மூக்கு என்னுடையதாகவே இல்லை.
ஜப்பான் சிலிப்பரோடு போயிருந்தேன், அது என் தப்பு.
வெளியே வந்து பட்டியலில் சேர்த்தது:
கம்பளிக் காலுறை, நீளமான உள்ளாடை, கையுறை.

கையுறை.
அம்மா கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம்.
ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் ஜோடி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.
குளிருக்குப் போட வீட்டில் ஒன்றுமில்லை.
சேமநிதியிலிருந்து பணம் எடுக்க
மூன்று பாரம் கையெழுத்திட்டாள்,
பிறகு கோட்டை மோந்து பார்த்து
'மீன்' என்றாள்.
மூன்று தடவை துவைத்தும் மீன்தான்.
பக்கத்து சீட்டில் வருபவர்
என்னை மன்னிக்க வேண்டும்.

பெட்டி இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் கூடாது.
அப்பா அதைக் குலை லோரியில் ஏற்றிப்போய்
உதிரிப்பழம் நிறுக்கும் தராசில் வைத்தார்.
இருபத்தேழு புள்ளி நாலு.
'ஈரத்துக்கு மூணு பெர்சன் கழிச்சிக்கவா?'
தராசுக்காரன் சிரித்தான்.
அப்பா சிரிக்கவில்லை. அந்த மூன்று சதவீதத்தை
முப்பது வருடமாய் இழப்பவர் அவர்.

இஸ்திரிப் பெட்டி வெளியே.
இரண்டு புத்தகம் வெளியே.
மிளகாய்த்தூளை எடுக்க அம்மா விடவில்லை.
நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது என்றதும்
குக்கரும் வெளியே.
அது மட்டும் அவளுக்குத் தோல்வி.

கடைசி ராத்திரி சொன்னேன்:
'அங்க வாத்தியாருங்க வருகை எடுக்கறப்ப
சன்னாசின்னுதான் கூப்புடுவாங்கப்பா.
ரூம் கதவுலயும் அதான் எழுதியிருக்குமாம்.'

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
அந்தப் பெயரைச் சத்தமாய்க் கூப்பிட்டவர்கள்
பெரட்டுக் கிராணியும்
சம்மன் கொடுக்க வந்த போலீஸும்தான்.
'எத்தன மணிக்கு?'
'அங்க ஒம்பது. இங்க மூணு.'
'மூணுக்கு நான் மில்லு வரிசையில நிப்பேனே லா.'
கொஞ்ச நேரம் கழித்து,
'கூப்புட்டா ஒடனே எந்திரிச்சி நில்லு.
ரெண்டாவது தடவ கூப்புட விடாத.'

பிறகு ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்து
பெட்டியின் மூடியில் ஒட்டி
மார்க்கர் பேனாவால் எழுதினார்,
லோஷினி என்று, சன்னாசி என்று,
நடுவில் ஏவுக்கும் பிக்கும் இடையே
மற்ற எழுத்தைவிட உயரமாய் அந்தக் கோடு.

'அதப் போடக் கூடாதுப்பா.'

'பெட்டிக்கு யாரு விசா கேக்கறா.'