யா

பூந்தா அரேனாஸில் காற்று வெறிகொள்ளும் மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு கடக்க.
அறுவை அரங்கில் கயிறு இல்லை.
ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வயர்.
வயரின் நுனியில்
பல்லித் தாடை அளவுக்கு ஒரு வாய்.

ரத்தக்குழாயைக் கவ்வும். நசுக்கும்.
மின்சாரம் ஓடும்வரை ம்ம்ம் என்று முனகும்.
குழாயின் இரண்டு சுவரும் வெந்து ஒன்றாகி
எண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவக் கிடக்கும்.
முனகல் நிற்கும்.
இரண்டு கீச்சு என்றால் ஒட்டிவிட்டது, வெட்டலாம்.
நான்கு கீச்சு என்றால் ஒட்டவில்லை.
நான்கை இரண்டென்று எண்ணி
ஒருவர் கத்தி விசையை இழுத்ததை ஒருமுறை பார்த்தேன்.
விளக்கைத் துடைக்க ஏணி வேண்டியிருந்தது.

நான் நெல்டா. கருவி எடுத்துக் கொடுப்பவள்.
ஒவ்வொரு கவ்வலுக்கும் பிறகு
ஈரத்துணியால் அந்த வாயைத் துடைப்பவள்.
கருகல் ஒட்டினால் அது சரியாகக் கடிக்காது,
மனிதர்களைப் போலவே.

டாக்டர் ரதோமிரோவுக்கு அறுபத்து மூன்று.
கை இன்னும் நடுங்கவில்லை.
மார்ச்சில் ஒரு கர்ப்பப்பை.
முனகல் நின்றதும் அவர் குழாயைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
முகமூடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.
மறுபடி பார்த்தார். மறுபடி.
நான்காவது தடவை புரிந்தது:
முனகல் கனத்த குரல், அவருக்குக் கேட்கிறது.
கீச்சு மெல்லியது,
அது அவரிடம் வந்து சேர்வதில்லை.
"யா" என்றேன், தற்செயலாய்ச் சொல்வதுபோல.
வெட்டினார்.

எங்கள் பேச்சில் யா என்றால் ஆச்சு.
யா என்றால் போதும்.
யா என்றால் வாயை மூடு.
எப்படிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.
ஒன்பது மாதம் சொன்னேன்.
மயக்க மருந்து கொடுக்கும் இஸ்மாயேல்
"இது என்ன புதுப் பழக்கம்?" என்று சிரித்தான்.
வயசாகிறது என்றேன்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

டிசம்பர். இரவு பத்துக்கும் வெளிச்சம்.
பண்ணையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள்,
குதிரை உதைத்து மண்ணீரல் கிழிந்தவனை.
வயிற்றைத் திறந்ததும்
உறிஞ்சும் குழாய் இரைந்தது.
கூரைத் தகரம் வேறு
யாரோ மேலே நின்று பெயர்ப்பதுபோல் அலறியது.
தமனியைக் கவ்வினார்.
ம்ம்ம்.
நின்றது.
என்னைப் பார்த்தார்.

எனக்கும் கேட்கவில்லை.
இரண்டா? நான்கா?
பெட்டியின் திரை என் முதுகுப் பக்கம்.
யா நாக்கு நுனியில் இருந்தது.
ஒன்பது மாதப் பழக்கம் அது, தானாகவே வந்துவிடும்.
"தெரியவில்லை" என்றேன்.

விசையிலிருந்து விரலை எடுத்தார்.
எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.
இஸ்மாயேல் பிறகு எட்டு விநாடி என்றான்.
அப்புறம் டாக்டர், வயிற்றுக்குள் பேசுவதுபோல:
"எனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை.
மார்ச்சிலிருந்து. அதற்கு முன்னும் இருக்கலாம்.
யாராவது திரையைப் பாருங்கள்."

யாஸ்னா, வேலைக்கு வந்து மூன்று வாரம்,
பெட்டியருகே ஓடி உரக்கப் படித்தாள்:
"ஒட்டவில்லை. மறுபடி கவ்வச் சொல்கிறது."
வாயைத் துடைத்துக் கொடுத்தேன்.
என் கைதான் நடுங்கியது.
சற்றுத் தள்ளிக் கவ்வினார்.
ம்ம்ம்.
"பச்சை" என்றாள்.

பிழைத்தான். கண் விழித்ததும்
குதிரையை யாரும் அடிக்கவில்லையே என்று கேட்டானாம்.

பெட்டி இப்போது அவர் எதிரில் நிற்கிறது.
காதுக் கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறார்.
ஒன்பது மாதத்தைப் பற்றி
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும். இருவருமே.

அன்று விடியலில் வேலை முடிந்து இறங்கினேன்.
எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தபடி
குனிந்து போய்க்கொண்டிருந்தார்.
ரதோமிரோ என்று கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
அந்தக் காற்றில்
யாருக்கும்தான் கேட்டிருக்காது.