நடு

வவுனியாவில் கடையை மூடிய ஒருவரிடம்
பதினெட்டாயிரத்துக்கு ஒரு சோடி ஸ்பீக்கர்.
பஸ்ஸில் அவற்றுக்கு இரண்டு சீற் பிடித்தான் யசோதரன்.
பரந்தன் வரைக்கும் நான் நின்றுகொண்டு வந்தேன்.

வீட்டுத்திட்டத்து வீடு. பத்துக்குப் பன்னிரண்டு.
கை தட்டினால் சுவரும் தட்டும்.
முதல் நாள் மூலைக்கொன்றாய் ஒட்டி வைத்தோம்.
மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம்
வெறும் தண்ணீர்த் தாங்கியாய் இடித்தது.
"முரசுமோட்டையில முரசு கேட்டால் என்ன குறை?"
வேலிக்கு அங்காலிருந்து கனகேஸ்வரி அக்கா.

இழுத்தோம். ஒரு சாண். பிறகு இன்னொரு சாண்.
சுவரை விட்டு விலக விலக
கட்டியாய்க் கிடந்த தாளம் விரல் விரலாய்ப் பிரிந்தது.
மூன்றடியில் நிறுத்தினோம்.
அதற்கு மேல் போனால் அறைக்கதவு திறக்காது.

நாலுகால் ஸ்டூல் ஆடியது.
கொந்தராத்துக்காரரின் அவசரம்
இன்னும் எங்கள் சிமெந்து நிலத்தில் இருக்கிறது.
மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் நிற்கும் என்று
சந்தியில் சொல்லி இரும்புக் குழாயில் ஒட்டுவித்தான்.
குழாய்க்குள் வாய்க்கால் மணல்,
ஈரம் இரும்பைத் தின்னாதபடி
என் அரிசிமாச் சட்டியில் வறுத்து.
(சட்டிக்காக இரண்டு நாள் கதைக்கவில்லை.)
சுண்டிப் பார்த்தால் முன்பு கோயில் மணி,
இப்போது இளநீர்.
பெட்டிக்குக் கீழே சைக்கிள் ரியூப், நாலு துண்டு.

பிறகு கண்ணாடி.
நான் கதிரையில் இருக்க
சுவரோடு சுவராய் அதை நகர்த்திக்கொண்டு போனான்.
கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில்
"நில்" என்றேன். சோக்கால் ஒரு புள்ளடி.
அங்கே மோதித்தான் சத்தம் இரண்டாம் முறை வருகிறதாம்.
புள்ளடியின் மேல் பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டோம்.
வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்,
பிள்ளை மூத்திரம் பெய்ததா என்று.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அன்றிரவு
பாடுகிறவள் வரிக்கும் வரிக்கும் இடையில்
மூச்சு எடுப்பது கேட்டது.
"பார், சரி நடுவில நிக்கிறாள்" என்றான்.
எனக்கு அவள் நடுவில் இல்லை.
வலது பெட்டிக்குள் குடியிருந்தாள்.

என் இடது காது இருபது வயதில் போனது.
எந்த ஆண்டு, எந்த மாதம் என்று
இந்தப் பக்கத்தில் ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.
அவனும் கேட்கவில்லை.
மூன்று பக்கமும் சமமாய் அளந்த நூலை
சுருட்டிப் பொக்கற்றுக்குள் வைத்தான்.
என் கதிரையைத் தூக்கி இடது பக்கம் வைத்தான்.
"இப்ப?"
"இன்னும் அங்கால."
"இப்ப?"
ஒன்றரை அடி. பிறகு இடதைக் கொஞ்சம் கூட்டி,
பெட்டியின் முகத்தை ஒரு விரற்கடை திருப்பி.
அவள் மெதுவாய் நடந்து வந்து
என் முன்னால் நின்றாள்.
நிலத்தில் சோக்கால் நாலு வட்டம், கதிரைக் கால்களுக்கு.

மாசியில் நெல் வந்தது. நாற்பத்திரண்டு மூட்டை.
வேறு இடமில்லாமல் பின் மூலைகளில் கூரை முட்ட அடுக்க
மிச்சமிருந்த இடியும் அடங்கியது.
மூட்டைகள்தான் விழுங்கியிருக்க வேண்டும்.
விலை ஏறட்டும் என்று ஊருக்குச் சொன்னோம்.
விலை இறங்கியது.
"இன்னும் ஒரு கிழமை" என்றான் யசோதரன்,
கண்ணை மூடி, தம்பூராவைக் கேட்டபடி.
கடனுக்குத் தம்பூரா விளங்காது.

லொறி வந்தது. விதைநெல் நாலு மூட்டை மட்டும் மிச்சம்;
இடது பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினோம்,
எலி வந்தால் வரட்டும் என்று.
காசை எண்ணித் தந்த குணசீலன்
தேத்தண்ணிக் கோப்பையோடு என் கதிரையில் இருந்தார்.
கொஞ்ச நேரம் கேட்டார். தலையைச் சரித்தார்.
"பாட்டு ஒரு பக்கமாய் இழுக்குது, தங்கச்சி."

"இல்லை அண்ணை" என்றேன்,
"அதுதான் நடு."