நடவடிக்கைக் குறிப்பு

இடம்: கர்னல் ஸ்டிராட்டர் உயர்நிலைப் பள்ளி நூலகம், வர்ஜீனியா.
பொருள்: கர்னல் ஸ்டிராட்டர் என்ற பெயரை நீக்குவது.
முதல் இரண்டு வரியிலேயே
அவரை இரண்டு முறை எழுதிவிட்டேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணி அடிப்பது நான், தட்டச்சு செய்வதும் நான்.
பத்தொன்பது ஆண்டாக இந்த மாவட்டத்தின் சண்டைகளை
வினைமுற்று பிசகாமல் பதிந்து வருகிறேன்.
நாய் உரிமம், சாக்கடை, இப்போது இது.

டாப்னி க்ரச்ஃபீல்ட் பேசினார்.
கொள்ளுத்தாத்தா கர்னலின் பின்னால் நடந்தவராம்,
பதினேழு வயதில், காலில் ஒன்றுமில்லாமல்.
அடிமை என்ன, சொந்தமாக ஒரு கோழிகூட இல்லாதவர்.
குரல் உடைந்தது. மணி அடிக்க மறந்தேன்.

முடிதிருத்தும் கடைக்காரர் கணக்கோடு வந்திருந்தார்:
அந்தச் சாலையில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு,
பதினான்கு பலகை. அப்புறம் உரிமம், வங்கி, மருந்துச் சீட்டு.
'செத்தவன் பெயரை மாற்றினால்
உயிரோடு இருப்பவன் அல்லவா வரிசையில் நிற்கணும்?'
சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

மக்காயா டிலார்ட், பதினோராம் வகுப்பு, ஓட்டக்காரி:
'மாநிலப் போட்டியில் முதலாவதாக வந்தேன்.
புகைப்படத்தில் என் மார்பின் மேல் அவர் பெயர்.
என்னை விற்றிருப்பார்.
என் வேர்வையில் நனைகிறார்.'
அவள் உட்கார்ந்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெயர் எப்போது வைத்தது என்று யாரோ கேட்க
கோப்பைப் புரட்டினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது.
போர் முடிந்து தொண்ணூற்று நான்கு ஆண்டு.
கறுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள் என்று
தீர்ப்பு வந்து ஐந்தாண்டு.
ஊருக்குத் திடீரென்று கர்னல் ஞாபகம்.

தலைவர் சமாதானமாகச் சொன்னார்:
'மரத்தின் பெயர் வைத்துவிடலாமே.
ஓக் சாலை, ஓக் பள்ளி.
மரத்தோடு யாருக்கு என்ன வம்பு?'
பல தலைகள் ஆடின. பசி நேரம்.

கடைசி வரிசையில்
எழுந்திருக்காமலே வெர்லீன் டாலிவர் கேட்டார்:
'எந்த மரம்?'

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஓர் ஓக் நிற்கிறது.
அதன் நிழலில்தான் எல்லோரும் வண்டி நிறுத்துகிறோம்.
ஒரு கிளை மட்டும் தாழ்வாக, தரைக்குக் கிடையாக.

குளிர்சாதனம் நின்று
மறுபடி ஓடத் தொடங்கியது கேட்டது.

எழுதினேன்: 'ஒரு கேள்வி எழுப்பப்பட்டது.
கூட்டம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

எழுதாதது:
மாலை முழுக்க என் மோதிரம்
விசைப்பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது.
எண்பத்தாறாம் ஆண்டு வகுப்பு மோதிரம்.
சிவப்புக் கல்லைச் சுற்றி அவர் பெயர்.

பலகையிலிருந்து பெயரைப் பெயர்க்க
இரண்டு ஆள், ஓர் ஏணி போதும்.
எனக்கு விரல் முட்டி தடித்துவிட்டது.
இரவு குழாயைத் திறந்துவிட்டு,
பாத்திரம் துலக்கும் சோப்பைத் தடவி
இழுத்துப் பார்த்தேன்.
முட்டி வரைக்கும் வந்தது.